முதல்: நிருபமா வைத்தியநாதனும் மூன்று கிரவுண்டு நிலமும்

1

1998 ஜனவரியில் மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் போட்டியில், கோயம்புத்தூர்ப் பெண்ணான நிருபமா வைத்தியநாதன் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்ஸிகினியைத் தோற்கடித்தார். அடுத்த சுற்றோடு அவருடைய ஆட்டம் முடிந்துபோனது. ஆனால் அந்த ஒற்றை வெற்றியிலிருந்து ஒரு வாக்கியம் பிறந்தது. கிராண்ட் ஸ்லாம் போட்டியின் பிரதான சுற்றில் வென்ற முதல் இந்தியப் பெண் என்பதாக அது எழுதப்பட்டது. இன்றைக்கும் அவர் பெயர் எங்கே வந்தாலும் இந்த வாக்கியம் கூடவே வந்துவிடுகிறது. சொல்லப்போனால் அவருடைய பதினைந்து, இருபது வருட ஆட்டம் முழுவதையும் இந்த ஒரு வரி விழுங்கிவிட்டது.

அந்த வாக்கியம் அப்படியே நிற்குமா என்றால், நிற்காது. 1934-லேயே லீலா ராவ் என்ற பெண் விம்பிள்டனில் ஒற்றையர் ஆட்டமொன்றில் வென்றிருக்கிறார். இது யாரோ ரகசியமாகப் பதுக்கி வைத்த செய்தி அல்ல. விம்பிள்டன் ஆட்ட முடிவுகள் வருடவாரியாக அச்சில் கிடக்கின்றன. எனவே பிற்பாடு அந்த வாக்கியத்திற்கு ஒரு வால் முளைத்தது: 'ஓபன் யுகத்தில்' வென்ற முதல் இந்தியப் பெண். அதுவும் 'வென்ற' என்ற சொல்லில் அழுத்தம் கொடுத்துத்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் 1971 விம்பிள்டன் கலப்பு இரட்டையர் ஆட்டத்தில் ஆனந்த் அமிர்தராஜோடு சேர்ந்து களமிறங்கிய நிருபமா மங்கட் என்ற இன்னொரு நிருபமா ஏற்கனவே இருக்கிறார்.

இந்த வாலைக் கொஞ்சம் பிடித்து இழுத்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை. நிருபமாவின் சாதனையைக் குறைத்துச் சொல்வது நோக்கம் அல்ல. 'முதல்' என்ற சொல் வரலாற்றில் என்ன காரியம் செய்கிறது, யாருடைய கணக்கை மூடுகிறது என்பதே கேள்வி. தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, வரிசையில் முன்னால் நிற்பது. இன்னொன்று, வியாபாரத்தில் போடுகிற காசு. முதலாளி, முதலீடு, கைமுதல், வட்டியும் முதலும் என்று நாம் பேசுவதெல்லாம் இரண்டாவது பொருளில்தான். டென்னிஸின் வரலாற்றை எழுத இந்த இரண்டு பொருளும் ஒருசேரத் தேவைப்படுகின்றன.

2

ஓபன் யுகம் என்பது என்ன? 1968-க்கு முன்னால் விம்பிள்டன் போன்ற பெரிய போட்டிகளில் 'அமெச்சூர்' என்று சொல்லப்பட்டவர்கள்தான் ஆட முடியும். ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டு காசு வாங்குகிறவர்களுக்கு அங்கே இடம் கிடையாது. 1968-ல் இந்தச் சுவர் விழுந்தது. அமெச்சூரும் தொழில்முறையாளரும் ஒரே போட்டியில் ஆடலாம் என்றாயிற்று. ஆக 'ஓபன் யுகத்தில் முதல்' என்று சொல்லும்போது, காசு வெளிப்படையாகப் புழங்கத் தொடங்கிய பிற்பாடு முதல் என்றுதான் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வாலில் ஒளிந்திருப்பது மூலதனத்தின் வரலாறு.

அமெச்சூர் என்ற சொல்லுக்கு 'ஆர்வத்துக்காக ஆடுகிறவர்' என்று பொருள் சொல்வார்கள். அதன் சமூகப் பொருள் வேறு. ஆட்டத்தில் காசு வேண்டாம் என்று சொல்லக்கூடிய அளவுக்கு வீட்டில் காசு இருக்கிறவர் என்பதே அது. 1874-ல் இங்கிலாந்தில் மேஜர் விங்ஃபீல்ட் காப்புரிமை பெற்ற இந்த ஆட்டம், சீக்கிரத்திலேயே காலனி அதிகாரிகளின் கிளப்புகளுக்கு வந்து சேர்ந்தது. விம்பிள்டனில் பெண்களுக்குத் தனிப் போட்டி தொடங்கிய அதே 1884-ல்தான் மெட்ராஸ் ஜிம்கானா கிளப் தொடங்கப்பட்டது. கிளப் என்பது சுவர் வைத்த புல்வெளி மட்டுமல்ல. உள்ளே யார், வெளியே யார் என்று தினமும் அறிவிக்கிற ஒரு நிறுவனம். புல்வெளியில் பந்து பொறுக்கிப் போடுகிற பையனும் உள்ளேதான் இருந்தான் என்பது உண்மை. ஆனால் அவன் உறுப்பினன் அல்ல.

இந்தக் கிளப் உலகத்தில் பெண்கள் இருந்தார்கள். கலப்பு இரட்டையர் என்ற வடிவமே அதற்குச் சாட்சி. 1920களின் இறுதியிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இந்தியப் பட்டங்களை வென்ற ஜென்னி சாண்டிசன் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண். 'இந்தியப் பெண்' என்ற வகைமைக்குள் அவரை வைப்பதா வேண்டாமா என்று தேசியக் கதையாடல் இன்றுவரை தடுமாறுகிறது. மெஹர்பாய் டாட்டா சேலை கட்டிக்கொண்டே டென்னிஸ் ஆடியவர். லீலா ராவின் தாய் க்ஷமா ராவ் சமஸ்கிருதக் கவிஞர். காந்தியின் சத்தியாக்கிரகத்தைச் சமஸ்கிருதத்தில் காவியமாக எழுதியவர். தாமே டென்னிஸ் ஆடியவர். மகள் பிற்காலத்தில் நாட்டிய சாஸ்திரம் பற்றி எழுதினார், மலையேறினார். சமஸ்கிருதம், நாட்டியம், டென்னிஸ் மூன்றும் ஒரே வீட்டில். பூர்தியு 'பண்பாட்டு மூலதனம்' என்று சொன்னதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் தேடிப்பிடிப்பது கஷ்டம்.

அப்படியானால் லீலா ராவின் வெற்றி ஏன் மறந்துபோனது? அவர் மேட்டுக்குடி என்பதால் யாரும் வேண்டுமென்று மறக்கவில்லை. மறதிக்கு ஒரு கட்டமைப்பு உண்டு. அவருக்குப் பின்னால் யாரும் வரவில்லை. பின்னால் ஒருவர் வரும்போதுதான் முன்னால் போனவர் 'முன்னோடி' ஆகிறார். ஒரு பள்ளியோ, ஒரு பயிற்சி முறையோ, ஒரு சம்பளமோ அவர் பெயரைத் தாங்கி நிற்கவில்லை. 1934-க்கும் 1998-க்கும் நடுவில் அறுபத்து நாலு வருஷம்.

3

இந்த அறுபத்து நாலு வருஷத்தில் சென்னையில் டென்னிஸ் இல்லாமலா இருந்தது? ஏராளமாக இருந்தது. ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார்; 1960-லும் 1961-லும் அரையிறுதிவரை போனார். அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-ல் அதே ஜூனியர் பட்டத்தை வென்றார். ஆனந்த், விஜய், அசோக் என்று அமிர்தராஜ் சகோதரர் மூவர். 1966, 1974, 1987 என இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போன மூன்று தடவையும் அணியில் சென்னைக்காரர்கள் இருந்தார்கள். 1974-ல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை எதிர்த்து இறுதி ஆட்டத்தையே ஆட மறுத்தார்கள். சென்னை 'டென்னிஸ் நகரம்' என்ற பெருமிதம் இந்தப் பெயர்களால் கட்டப்பட்டது.

இப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அப்பா பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார், அந்தப் பையன் தன் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். டி.கே. ராமநாதன், ராமநாதன் கிருஷ்ணன், ரமேஷ் கிருஷ்ணன். இது விளையாட்டு வரலாறு மட்டுமல்ல, வம்சாவளியும்கூட. குலத்தொழில்போல, வித்தை தகப்பன் வழியாக மகனுக்குக் கைமாறுகிறது. இவ்வமைப்பில் பெண் எங்கே நிற்கிறாள்? அமிர்தராஜ் வீட்டைப் பாருங்கள். மூன்று மகன்களின் ஆட்டத்துக்கான செலவுக்குத் தாய் மாகி அமிர்தராஜ் பெட்டிகள் தயாரிக்கும் தொழில் ஒன்றை நடத்தினார். முதல் போட்டது அந்த அம்மா. முதல் இடத்துக்குப் பையன்கள் வந்தார்கள். அவர்கள் நன்றியோடு அதைச் சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் நன்றி என்பது வரலாற்று எழுத்து ஆகாது. நன்றியுரையில் இடம்பெறுகிறவர் கதையின் முன்னுரையிலேயே நின்றுபோகிறார்.

எண்பதுகளின் நடுவில் பிரிட்டானியா கம்பெனியின் பணத்தில் அமிர்தராஜ்கள் சென்னையில் ஒரு டென்னிஸ் பயிற்சித் திட்டம் தொடங்கினார்கள். லியாண்டர் பயஸ் அங்கே வளர்ந்தவர். அத்திட்டத்தைப் பற்றிப் பேசும்போது நம் காதில் விழும் பெயர்கள் ஆண்களின் பெயர்கள்தான். எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு பிரிட்டானியா என்றால் பாடியில் எம்.டி.எச். ரோட்டில் இருந்த பிஸ்கட் ஃபாக்டரி. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் பிஸ்கட் வேகிற வாசனை வரும். அதே ரோட்டில் மேற்கே போனால் அம்பத்தூரில் 1959-ல் தொடங்கிய டன்லப் டயர் தொழிற்சாலை. உலகத்தின் பாதி டென்னிஸ் மைதானங்களில் டன்லப் பந்தும் டன்லப் மாக்ஸ்ப்ளை மட்டையும் புழங்கிய காலத்தில், அம்பத்தூரில் டன்லப் என்பது டயரும் ஷிஃப்டும் சங்கமும் பஸ் ஸ்டாப்பும். தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து மூடுவதும் திறப்பதுமாக இருந்து கடைசியில் அது மூடியே போனது. ஸ்டாப்பின் பெயர் மட்டும் மிச்சம்.

இதை ஒரு வேடிக்கையான பொருத்தம் என்று விட்டுவிடலாம். ஆனால் பொருட்களுக்கும் ஒரு பயணப்பாதை இருக்கிறது. பிஸ்கட்டின் லாபம் பாடியிலிருந்து கிளம்பி நகரத்தின் மையத்தில் டென்னிஸ் மட்டையாகிறது. திரும்பிப் பாடிக்கு வருவதில்லை. மையம், விளிம்பு என்று கோட்பாடாகப் பேசுகிறோமே, அது எம்.டி.எச். ரோட்டில் நம் மூக்குக்கு நேராகவே நடந்திருக்கிறது.

4

நிருபமா சென்னை டென்னிஸ் வம்சங்களில் ஒன்றிலிருந்து வந்தவரல்ல என்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 1976-ல் பிறந்தவர், கோவையில் வளர்ந்தவர். தகப்பனார் தமிழ்நாட்டுக்காகக் கிரிக்கெட் ஆடியவர். அவரே மகளுக்கு டென்னிஸ் கோச் ஆனார். ஐந்து வயதில் மட்டையைப் பிடித்த பெண் பதின்ம வயதிலேயே தேசியப் பட்டம் வென்றார். அப்பா மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்ற இடத்தில் சென்னையின் தந்தை-மகன் சங்கிலி ஒரு கண்ணி பிசகுகிறது. குடும்பம் என்ற நிறுவனத்தைத் தாண்டவில்லை. அதற்குள்ளேயே வாரிசின் பால் மாறுகிறது. அந்தக் காலத்துக்கு இதுவே பெரிய விஷயம்தான்.

உள்ளூரில் ஜெயித்தாகிவிட்டது, அப்புறம் என்ன? இங்கேதான் இரண்டாவது 'முதல்' கழுத்தைப் பிடிக்கிறது. டென்னிஸ் தரவரிசை இயங்கும் விதம் இது. பெரிய போட்டிகளில் நேரே நுழைய ஏறத்தாழ முதல் நூறு பேருக்குள் இருக்க வேண்டும். அதற்கு வெளியே இருப்பவர்கள் தகுதிச் சுற்று ஆடி ஏறி வர வேண்டும். தரவரிசைப் புள்ளி வேண்டுமானால் வாராவாரம் சின்னச் சின்னப் போட்டிகளில் ஆட வேண்டும். அந்தப் போட்டிகள் அன்று பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தன. முதல் சுற்றில் தோற்றால் கிடைக்கிற காசு ரயில் டிக்கெட்டுக்கே காணாது. ஹாட்டல், சாப்பாடு, மட்டைக்கு நரம்பு கட்டுவது, கோச்சுக்குச் சம்பளம் எல்லாம் கைக்காசு. ஐரோப்பியப் பெண்ணுக்கு இது ராத்திரி ரயிலில் வீடு திரும்பிவிடுகிற தூரம். கோவைப் பெண்ணுக்கு விசா, விமானம், அன்னியச் செலாவணி. நிருபமா ஐரோப்பாவில் லக்சம்பர்க்கைத் தளமாக வைத்துக்கொண்டு ஆடினார். 1997-ல் உலகத் தரவரிசையில் 134-ம் இடம்வரை ஏறினார்.

134 என்ற எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நூறுக்குள் இல்லை என்று உதடு பிதுக்குவது எளிது. ஆனால் அந்த எண், மேலே ஏறுகிறவருக்கும் வாசலில் நிற்கிறவருக்கும் இடையிலான கோட்டை ஒட்டிய இடம். அங்கே நிற்பவர் ஒவ்வொரு பெரிய போட்டிக்கும் தகுதிச் சுற்றின் கதவைத் தட்டியாக வேண்டும். மற்றவர்கள் முதல் பந்து போடுவதற்குள் இவர்கள் சில ஆட்டங்கள் ஆடிக் களைத்திருப்பார்கள். உழைப்பின் மிகுதி ஊதியத்தில் தெரியாத இடம் அது.

பெண்கள் டென்னிஸில் ஊதியப் பிரச்சினை ஏற்கனவே ஓர் அரசியல் வரலாறு கொண்டது. 1968-ல் முதல் 'ஓபன்' விம்பிள்டனில் ஆண் சாம்பியனுக்கு 2000 பவுண்டு, பெண் சாம்பியன் பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுண்டு. 1970 செப்டம்பரில் ஹூஸ்டனில் ஒன்பது பெண்கள் ஆளுக்கு ஒரு டாலருக்கு ஒப்பந்தம் போட்டுத் தனிப் போட்டி ஆடப் போனார்கள். 1973-ல் அமெரிக்க ஓபனில் சமப் பரிசு வந்தது. விம்பிள்டன் 2007வரை இழுத்தடித்தது. இந்தப் போராட்டத்தின் விளைச்சலில் நிருபமாவும் பங்காளிதான். ஆனால் அது மேல்தட்டுப் பரிசுகளைச் சமமாக்கியது. 134-ம் இடத்துக்காரரின் ரயில் டிக்கெட்டை அது தொடவில்லை. மூன்றாம் உலகத்துப் பெண்ணின் பிரச்சினை, ஆணுக்குச் சமமான பரிசு என்பதற்கு முன்னால், போட்டி நடக்கும் ஊருக்குப் போய்ச்சேர்வது.

5

நிருபமா பிற்பாடு எழுதிய தன்வரலாற்றுக்கு 'தி மூன்பாலர்' என்று பெயர் வைத்தார். மூன்பால் என்றால் பந்தை வலைக்கு வெகு உயரமாக, நிலாவைத் தொடுகிற மாதிரி தூக்கி அடிப்பது. எதிராளி பின்னால் ஓடி, பந்து இறங்குவதற்காகக் காத்து, பொறுமை இழந்து தப்புச் செய்யவேண்டும். டென்னிஸ் ரசிகர்களிடையே இது மரியாதையான சொல் அல்ல. 'சும்மா தூக்கித் தூக்கிப் போடுறா' என்பார்கள். ஆண்மை நிறைந்த ஆட்டம் என்று கொண்டாடப்படுவது சர்வீஸ், வாலி, பலம், வேகம். மூன்பால் அதற்கு எதிர்நிலையில் வைக்கப்பட்ட சொல். பலமில்லாதவரின், பெண்களின், சின்னப் பிள்ளைகளின் ஆட்டம்.

இகழ்ச்சிச் சொல்லை எடுத்துத் தன் வாழ்க்கைக்கே தலைப்பாக வைப்பது ஒரு வாசிப்புச் செயல். மிஷேல் தெ செர்த்தோ இரண்டு வகைச் செயல்பாட்டைப் பிரிக்கிறார். தனக்கென்று சொந்த இடம் உள்ளவர் திட்டம் வகுக்கிறார். சொந்த இடம் இல்லாதவர் அடுத்தவர் இடத்தில் நின்றுகொண்டு, நேரத்தைப் பயன்படுத்தி உபாயம் செய்கிறார். இடம் இல்லாதவரின் ஆயுதம் காலம். மூன்பால் அசல் உபாயம். பலத்தைக் கொண்டு மைதானத்தைக் கைப்பற்ற முடியாதபோது, பந்தை ஆகாயத்தில் நிறுத்திக் கொஞ்சம் நேரம் சம்பாதிப்பது. அவர் ஒவ்வொரு ஆட்டத்தையும் இப்படித்தான் ஆடினார் என்று நான் சொல்ல வரவில்லை. தம் வாழ்க்கையை இந்தச் சொல்லில் தொகுத்துப் பார்த்தார் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியோடு கலப்பு இரட்டையர் வெண்கலம். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவோடு இரட்டையர் ஆட்டம். பிறகு கல்யாணம், அமெரிக்கா, குழந்தை, டென்னிஸ் சொல்லிக்கொடுப்பது. 2010-ல் நிருபமா சஞ்சீவ் என்ற பெயரில் திரும்பி வந்து தில்லி காமன்வெல்த் போட்டியில் ஆடினார். அப்போது வயது 33. கல்யாணத்தோடு பெண்ணின் ஆட்டம் முடிந்தது என்று முற்றுப்புள்ளி வைக்கிற கதையாடலில், அந்தத் திரும்பி வருதல் பொருந்தாத ஒரு பத்தி. அதனாலேயோ என்னவோ அதிகம் பேசப்படுவதில்லை. 'முதல்' மட்டும்தான் செய்தி. 'மறுபடியும்' என்பதற்கு நம் பத்திரிகை மொழியில் மதிப்பு இல்லை.

6

2005-ல் சானியா மிர்சா வந்தார். ஆஸ்திரேலிய ஓபனில் மூன்றாம் சுற்று, ஹைதராபாத்தில் டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம், அமெரிக்க ஓபனில் நாலாம் சுற்று. எல்லாம் ஒரே வருஷத்தில். 2007-ல் ஒற்றையர் தரவரிசையில் 27. பிற்பாடு இரட்டையரில் உலகின் முதலிடம், ஆறு கிராண்ட் ஸ்லாம் பட்டம். 1998-க்கும் 2005-க்கும் இடையில் ஆட்டம் மாறியதைவிடப் பார்வையாளர் மாறினார்கள். செயற்கைக்கோள் டி.வி., விளம்பரச் சந்தை, 'இளைய இந்தியா' என்ற புதிய கற்பிதம் எல்லாம் ஒரு முகத்துக்காகக் காத்திருந்தன. நிருபமாவுக்குக் கிடைக்காத முதல் சானியாவுக்குக் கிடைத்தது. கூடவே அதற்கான வட்டியும் வசூலிக்கப்பட்டது. குட்டைப் பாவாடை பற்றி மதவாதிகள் பேசினார்கள், டி.வி. விவாதித்தது, அவர் போட்ட டி-ஷர்ட் வாசகம்வரை தேசியப் பிரச்சினையானது. 1919-ல் சுசான் லெங்லென் முழங்கை தெரிய ஆடியபோது விம்பிள்டன் முகம் சுளித்ததற்கும் இதற்கும் 86 வருட இடைவெளி. பெண்ணின் உடல் மைதானத்தில் ஓடும்போது, அதன் இயக்கத்தைப் பார்க்கிற பயிற்சி இல்லாத கண் அதன் துணியைப் பார்க்கிறது.

2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது பயஸோடு சேர்ந்து ஆட பூபதி மறுத்த தகராறில், ஒருவரைச் சமாதானப்படுத்தக் கலப்பு இரட்டையருக்கு சானியாவைக் கொடுப்பது என்று டென்னிஸ் சங்கம் முடிவெடுத்தது. தன்னைத் தூண்டில் இரையாக்கிவிட்டார்கள் என்று அவர் பகிரங்கமாக எழுதினார். ஆண்களுக்கு இடையிலான உறவைச் சரிசெய்யப் பெண் பரிமாறப்படுகிறாள் என்பதை மானுடவியலில் லெவி-ஸ்ட்ராஸ் சொன்னார். பெண்ணியத்தின் பக்கம் நின்று கேய்ல் ரூபின் அதை விமர்சித்தார். இதற்கு உதாரணம் தேடி ஆதிவாசிக் குழுக்களிடம் போக வேண்டியதில்லை. அன்றைக்கு அந்தப் பெண் கையில் கிராண்ட் ஸ்லாம் பட்டம் வைத்திருந்தவர்.

7

இனி மேற்கே, நம் பக்கத்துக்குத் திரும்புவோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நீளும் இந்தப் பரப்பிலிருந்து ஏன் ஒரு டென்னிஸ் வீராங்கனை பெயர் சொல்லும்படி வரவில்லை? 'வசதி இல்லை' என்ற ஒற்றை வார்த்தைப் பதில் போதாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டென்னிஸ் மைதானத்தின் கோடுகள் 78 அடி நீளம், இரட்டையருக்கு 36 அடி அகலம். ஓடித் திரும்ப இடம் விட்டால் 120 அடிக்கு 60 அடி வேண்டும். மொத்தம் 7200 சதுர அடி. சென்னை வழக்கில் ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. ஆக ஒரு டென்னிஸ் மைதானம் என்பது அச்சு அசலாக மூன்று கிரவுண்டு. அரை கிரவுண்டில் வீடு கட்ட ஆயுள் முழுக்கக் கடன் அடைக்கிற ஊரில், ஒரே நேரத்தில் நாலு பேர் மட்டும் ஆடக்கூடிய மூன்று கிரவுண்டு. அறுபதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தபோதும், ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தபோதும் நிலம் இருந்தது. ஏரியும் வயலுமாகக் கிடந்தது. ஆவடி குவார்ட்டர்ஸில் மைதானங்களும் ஒதுக்கப்பட்டன. பொதுத்துறை நிறுவனம் விளையாட்டுக்காரருக்கு வேலை கொடுத்தது. கபடிக்கும் வாலிபாலுக்கும் அணி வைத்திருந்தது. இது ஒரு மாற்று விளையாட்டுப் பொருளாதாரம். மாதச் சம்பளத்தின் பலத்தில் ஆடுவது. ஆனால் அது அணி ஆட்டங்களுக்குத்தான் தோதானது. வருஷம் பூராவும் உலகம் சுற்றித் தனியாக ஆடவேண்டிய டென்னிஸ் அந்தச் சட்டகத்துக்குள் அடங்கவில்லை. தொண்ணூறுகளுக்குப் பின் நிலம் பிளாட் ஆனபோது, அந்தச் சட்டகமும் தளர்ந்துவிட்டது.

பக்கத்திலேயே ஓர் எதிர்நிலை உதாரணம் இருக்கிறது. பாடியில் வளர்ந்த ஆர். வைஷாலி 2023-ல் சதுரங்க கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவர் 'முதல்' அல்ல. கோனேரு ஹம்பி, ஹரிகாவுக்கு அடுத்து மூன்றாவது இந்தியப் பெண். எனக்கு இந்த 'மூன்றாவது' என்ற சொல் மிகவும் பிடிக்கிறது. மூன்றாவது என்றால் வரிசை இருக்கிறது என்று பொருள். அவ்வரிசைக்குப் பின்னால் 1972-ல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய தால் சதுரங்கக் கிளப் முதற்கொண்டு, தெருவுக்குத் தெரு முளைத்த சதுரங்க வகுப்புகள்வரை இருக்கின்றன. பலகைக்கு மூன்று கிரவுண்டு வேண்டாம், ஒன்றரை அடி போதும். அதற்காகச் சதுரங்கத்தில் முதலே தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. வைஷாலியின் தம்பி பிரக்ஞானந்தா 2023 உலகக் கோப்பையில் ஆடியபோது, ஓரமாக நின்று பார்த்த தாயின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. போட்டி நடக்கும் ஊரிலெல்லாம் அடுப்பை எடுத்துக்கொண்டு போய் ரசம் சாதம் செய்துகொடுப்பவர் என்று எழுதினார்கள். மாகி அமிர்தராஜின் பெட்டிகளுக்கும் இந்த அடுப்புக்கும் அரை நூற்றாண்டு இடைவெளி. முதல் போடுகிற கை மாறவில்லை.

அரசு என்ன செய்தது? 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக நுங்கம்பாக்கத்தில் டென்னிஸ் ஸ்டேடியம் கட்டியது. 1997 முதல் 2017வரை அங்கே ஆண்களுக்கான ஏ.டி.பி. போட்டி வருஷம் தவறாமல் நடந்தது. பெண்களுக்கான டபிள்யூ.டி.ஏ. போட்டி சென்னைக்கு முதன்முதலாக வந்தது 2022 செப்டம்பரில். மெல்போர்ன் வெற்றிக்கு 24 வருஷம் கழித்து. அதை வென்றவர் 17 வயதுச் செக் நாட்டுப் பெண் லிண்டா ஃப்ரூவிர்தோவா. 1998-ல் நிருபமாவைக் கொண்டாடிய நகரம், அவர் காலத்தில் அவருக்கு ஒரு டபிள்யூ.டி.ஏ. போட்டியைத் தன் மண்ணில் நடத்திக் கொடுக்கவில்லை. சொந்த ஊரில் போட்டி இருந்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். உள்ளூர்க்காரருக்கு 'வைல்டு கார்டு' என்ற நேரடி அனுமதி கிடைக்கும். தகுதிச் சுற்றும் விமானச் செலவும் மிச்சம். சென்னைப் போட்டியில் ஆண்கள் இருபது வருஷம் இதை அனுபவித்தார்கள்.

8

'முதல் பெண்' என்ற பட்டம் கொடுக்கிறவருக்குச் செலவில்லாதது. கொடுத்துவிட்டால் அவளுக்கு முன்னால் ஏன் யாரும் இல்லை என்ற கேள்வியை அது பெருமிதமாக மாற்றிவிடுகிறது. பின்னால் யார் என்ற கேள்வியை ஒத்திப்போட்டுவிடுகிறது. லீலா ராவை அழித்தால்தான் நிருபமா முதல். நிருபமாவைச் சுருக்கினால்தான் சானியா முதல். ஒவ்வொருத்தியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியாக வேண்டும். வியாபாரத்தில் இதைத்தான் 'முதலுக்கே மோசம்' என்கிறோம். போட்ட காசு அடுத்த தலைமுறைக்குத் தங்கவில்லை. 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த டபிள்யூ.டி.ஏ. போட்டியில் 15 வயதில் அரையிறுதிவரை போன மாயா ராஜேஸ்வரன் ரேவதியும் கோவைப் பெண்தான். அவர் பயிற்சிக்குப் போயிருப்பது ஸ்பெயினில் மயோர்கா தீவில் நடாலின் அகாதமிக்கு. லக்சம்பர்க் போய் மயோர்கா வந்திருக்கிறது. கோவையிலிருந்து கிளம்பித்தான் ஆக வேண்டும் என்பது மாறவில்லை.

வேறு மாதிரியான வரலாறும் நம்மிடம் உண்டு. நிருபமா தேசிய அளவில் மேலே வந்துகொண்டிருந்த அதே தொண்ணூறுகளின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரிப் பெண்கள், கூலிவேலைப் பெண்கள், அங்கன்வாடிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காத இடத்தில் ஆம்பளை சைக்கிளிலேயே பழகினார்கள். தெருவில் கேலி பேசினார்கள், அவர்கள் ஓட்டிக்கொண்டே போனார்கள். அந்தச் சைக்கிள் செய்கிற டி.ஐ. கம்பெனி இருந்தது நம் அம்பத்தூரில். அந்த இயக்கத்தைப் பற்றிப் பேசுகிற யாரும், முதலில் ஓட்டிய பெண் யார் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு அங்கே அர்த்தமே இல்லை. அவளுக்குப் பின்னால் அத்தனை பேர் வந்துவிட்டார்கள்.

டென்னிஸும் சைக்கிளும் ஒன்றல்ல என்பது தெரிந்ததுதான். போட்டி விளையாட்டில் ஒருத்தர் ஜெயிக்க ஒருத்தர் தோற்க வேண்டும். ஆனால் மைதானம் யாருக்கு, மட்டை யாருக்கு, ரயில் டிக்கெட் யார் கணக்கில் என்பவை போட்டி தொடங்குமுன் முடிவாகிற விஷயங்கள். அவற்றின் வரலாறு வருஷவாரியாக, ரூபாய்வாரியாக எழுதப்பட வேண்டும். தமிழ்நாட்டில் எத்தனை அரசுப் பள்ளிகளில் டென்னிஸ் வலை கட்டியிருக்கிறது, அதில் எத்தனை பெண்பிள்ளைகள் ஆடுகிறார்கள், பத்தாம் வகுப்போடு நிற்பவர்கள் யார் என்பதிலிருந்து அதைத் தொடங்கலாம். நிருபமாவின் 1998 அந்தக் கணக்கேட்டில் ஒரு வரவு. முதல் பக்கத்தில் அல்ல, லீலா ராவுக்குப் பல பக்கம் தள்ளி, மங்கட்டுக்குக் கீழே, தேதியோடு எழுதவேண்டிய வரவு. எதிர்ப்பக்கத்தில் செலவை எழுதும்போது யார் யார் பெயர் வருகிறது என்று பார்க்கலாம்.